இலவச விளையாட்டு எதை விற்கிறது?

ஒரே மாதிரியான இரண்டு பொருட்களைச் சேர்த்தால் அடுத்த தரத்துப் பொருள் ஒன்று வரும். அப்படிச் சேர்த்த பொருட்களைக் கொடுத்து, பாழடைந்த மாளிகை ஒன்றைத் துப்புரவாக்கி அலங்கரிக்க வேண்டும். பின்லாந்தின் மெட்டாகோர் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ‘மேர்ஜ் மேன்ஷன்’ என்ற கைத்தொலைபேசி விளையாட்டு இவ்வளவுதான். நானும் விளையாடுகிறேன். இரவில் நித்திரை வராதபோது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. உடைந்த வீட்டைத் திருத்தி எழுப்புவதில் எங்களுக்குள்ள ஆசையைச் சொல்லி விளக்கத் தேவையில்லை.

பதிவிறக்கம் இலவசம். அப்படியென்றால் வருமானம் எங்கிருந்து வருகிறது?

கணக்கைப் பாருங்கள். இரண்டாம் தரப் பொருளுக்கு முதற்தரப் பொருட்கள் 2 வேண்டும். மூன்றாம் தரத்துக்கு 4, நான்காம் தரத்துக்கு 8. பத்தாம் தரத்தை எட்ட 512 வேண்டும். பொருள் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ‘சக்தி’ ஒன்று குறையும். அது மீண்டும் ஊற ஏறத்தாழ 2 நிமிடம் எடுக்கும். முதற்தரப் பொருட்களே வருமென்றால், 512 பொருட்களுக்கு 17 மணித்தியாலம் தேவை. அடுத்த ஒரேயொரு தரத்துக்கு 34 மணித்தியாலம். இடையிடையே உயர்தரப் பொருட்கள் கிடைத்தால் இது குறையும்; ஆனாலும் இரட்டிப்பாகும் கணக்கு மாறாது.

காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுத்து இரத்தினங்களை வாங்கிச் சக்தியை நிரப்பலாம். ஆக, விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது பொருளல்ல, காத்திருப்பு. அந்தக் காத்திருப்பை உண்டாக்கியதும் அதே நிறுவனம்தான்.

விளையாடுபவர்களின் கருத்து இரு பக்கமும் நிற்கிறது. அவசரமில்லை, தோல்வியில்லை, காசு செலவழிக்காமலே விளையாடலாம் என்பது ஒரு சாரார் வாதம். அது பொய்யல்ல. மற்றச் சாராரோ, போகப்போக வேலைகள் கடினமாகின்றன, பலகையில் இடம் போதாது, குறுகிய நாட்களில் முடிக்கவேண்டிய சிறப்புப் போட்டிகள் காசை நோக்கித் தள்ளுகின்றன என்கிறார்கள். விளம்பரத்தில் பாட்டியின் மர்மக் கதையைக் காட்டி இழுத்துவிட்டு, விளையாட்டுக்குள் அதைத் துளித்துளியாகவே தருகிறார்கள் என்ற குறையும் உண்டு. 2022 இல் ஹொலிவூட் நடிகை கதி பேட்ஸ் அந்தப் பாட்டியாக விளம்பரங்களில் நடித்தார்.

விளம்பரத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள இடைவெளி வேறு இடங்களிலும் பேசுபொருளானது. பிளேரிக்ஸ் நிறுவனத்தின் ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ விளையாட்டுகளின் இரண்டு விளம்பரங்கள் தவறாக வழிநடத்துவதாகக் கூறி, பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை 2020 இல் அவற்றைத் தடை செய்தது.

பொழுதுபோக்கு எவருக்கும் குற்றமல்ல. ஆனால் புலம்பெயர்ந்த உறவுக்கு ஒரு கோப்பியின் விலையாகத் தெரியும் தொகை, இங்கே நாட்கூலியில் ஒரு பங்கு. ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். தொலைபேசியில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பிள்ளைகள் தொடும் தொலைபேசியில் வங்கி அட்டையை இணைத்து வைக்காதீர்கள். சக்தி தீர்ந்தால் தொலைபேசியைக் கீழே வையுங்கள். காத்திருந்தால் அது தானாகவே வரும்; போன காசு வராது.