ஷேடோ டீச்சர் சம்பளம் யார் தலையில்?

"ஷேடோ டீச்சர் ஏற்பாடு பண்ணுங்க, இல்லேன்னா வேற ஸ்கூல் பாருங்க." ஆட்டிசம் உள்ள பிள்ளையை வழக்கமான தனியார் பள்ளியில் படிக்க வைக்கும் பெற்றோர் பலருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, டீச்சர் சொல்வதை அவனுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்பவர்தான் ஷேடோ டீச்சர். அவருக்குச் சம்பளம், மாலையில் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, இதற்கு மேல் ஸ்கூல் ஃபீஸ். கட்டுப்படியாகாமல் வேலையை விட்டுவிட்டு, தாங்களே வகுப்பில் உட்காரும் அம்மாக்களும் உண்டு.

இந்தச் செலவு மொத்தத்தையும் ஏற்கும் ஒரே திட்டம் என்று எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. உதவிகள் துண்டு துண்டாக, வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சாவி, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும்தான். "முத்திரை விழுந்துடுமே" என்று தள்ளிப்போடுகிறவர்கள், அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

ஆட்டிசத்தின் அளவை, 40 அம்சங்கள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பாதிப்பு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பல சலுகைகளுக்குத் தகுதி. இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் சொல்வதுபோல, "இப்பல்லாம் நல்லா பேசுறான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை சிரமப்படும் நாளில் என்ன நடக்கிறது என்பதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், முதலில் போக வேண்டிய இடம் வட்டார வள மையம். சிறப்புப் பயிற்றுநரும் தெரபி உதவியும் அதன் வழியாகத்தான் கிடைக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க இடமுண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் சேவையாகவும் உபகரணமாகவும்தான் வரும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று தொடக்கப் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2021-ல் கணக்குச் சொன்னது. நடைமுறையில் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

தெரபி செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற உதவுவது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கவரேஜ். தெரபிக்கு அதற்குள்ளேயே தனி உச்சவரம்பு உண்டு. முதல் முறை சேர வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். மருத்துவப் பரிசோதனை கிடையாது. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேரலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் பாலிசி ஆண்டு என்பதால், புதுப்பிக்க மறந்தால் க்ளெய்ம் போச்சு. தெரபி மையத்தில் ஜிபே பண்ணிவிட்டுக் கிளம்பிவிடாமல், பிள்ளையின் பெயரும் தேதியும் போட்ட ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு 75,000 ரூபாய் கழிவும் உண்டு. தீவிர பாதிப்பு என்றால் 1,25,000.

ஷேடோ டீச்சர் விஷயத்துக்கு வருவோம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. பெற்றோர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியும் தனிப்பட்ட ஆதரவும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. எனவே, பள்ளி வாய்மொழியாக நிபந்தனை போட்டால், அதை எழுத்தில் தரும்படி கேட்கலாம். முன் வரிசை இருக்கை, படம் போட்ட டைம்டேபிள், சத்தம் தாங்காதபோது ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி என்று பிள்ளைக்கு என்ன தேவையோ அதைத் தெரபிஸ்ட் அறிக்கையோடு கடிதமாகக் கொடுத்து, நகலில் பள்ளியின் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். இவற்றில் பலவற்றுக்குத் தனி ஆளே தேவைப்படாது. பள்ளி அதற்கும் மறுத்தால், அந்த நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரிடம் புகார் செய்யலாம். அதற்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை.