உளவியல் பட்டப்படிப்பும் பாடத் தெரிவும்

எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணாக்கர் இருவர், பல்கலைக்கழகத்தில் உளவியல் பயில விரும்புவதாக அண்மையில் என்னிடம் கூறினர். பெற்றோர் முகங்களில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "பைத்தியம் பார்க்கிற படிப்போ, மாஸ்ரர்?" என்று ஒரு தாயார் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மருந்து எழுதித் தரும் மனநோய் மருத்துவர் முதலில் மருத்துவம் பயின்றவர். அது வேறு வழி. உளவியலோ நினைவு, கற்றல், உணர்ச்சி, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றை அளந்தும் பரிசோதித்தும் அறியும் அறிவியலாகும். 1879 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் அமைத்த காலந்தொட்டு அது அவ்வாறே வளர்ந்து வருகிறது.

அளவை உள்ள இடத்தில் கணக்கும் உண்டு. நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதலாண்டில் அறிமுக உளவியலும், அடுத்துப் புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும் கற்பிக்கப்படுகின்றன. பின்னிரண்டும் மேல்வகுப்புப் பாடங்கள் பலவற்றுக்கு வாயில்கள். கணித ஆசிரியனாயிருந்தவன் தன் பாடத்துக்காக வாதாடுகிறான் என்று எண்ணற்க. பன்னிரண்டாம் வகுப்பில் தரவு முகாமைத்துவம் பயின்ற பிள்ளைக்கு இவ்வாயில்கள் எளிதில் திறக்கும்.

ஒரு பிழையை ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும். வன்னியிலிருந்து அகதியாக இந்நாட்டுக்கு வந்த புதிதில், என்னிடம் தமிழ் கற்ற ஒருத்தி ஆலோசனை கேட்டாள். "முதலில் இலகுவான பாடங்களை எடுத்துப் புள்ளிகளை உயர்த்து, கணக்கைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். ஊரில் பரீட்சைக்கு அது பொருந்திய அறிவுரை. இங்கோ, புள்ளிவிபரவியலை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளியமையால் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும் தகுதியை அவள் இழந்தாள். ஆய்வேடு இன்றி மேற்படிப்புக்கு விண்ணப்பித்தல் கடினம். பட்டம் பெற்றபின் மீண்டும் ஓராண்டு கற்று அக்குறையை நிரப்பினாள். அவள் என்னைக் கடிந்ததில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

பிறழ்நிலை உளவியல் தொடர்பான பாடங்களையே அடுக்கிக்கொள்ளும் ஆவலும் பிள்ளைகளிடம் உண்டு. மூளையும் நடத்தையும், அறிகை, சமூக உளவியல், வளர்ச்சி உளவியல் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு பாடமாவது பயிலுதல் நன்று. பட்டத்துடன் நிறுத்துவோர் ஆசிரியப் பணிக்கோ சமூகப் பணிக்கோ செல்லலாம். அதற்கும் இவை உதவும்.

போரைக் கண்ட மூதாட்டி ஒருவருக்கு மொழிபெயர்க்க நான் ஒருமுறை மருத்துவமனை சென்றேன். "நெஞ்சு எரியுது" என்று அவர் கூறியதை, மார்பில் எரிவு என்றே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கூறியது இறந்த மகனைப் பற்றி. தமிழறிந்த உளவியலாளர் அங்கிருந்திருப்பின் அது வழுவியிராது.

அவ்வழி செல்ல விரும்புவோர் மூன்றாம் ஆண்டிலேயே பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர முயல்க. மேற்படிப்பு விண்ணப்பங்கள் பெரும்பாலும் நான்காம் ஆண்டின் முற்பாதியிலேயே கோரப்படுகின்றன. பரிந்துரைக் கடிதம் எழுத அப்பொழுது உங்களை அறிந்த ஒருவர் வேண்டும்.