புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டங்களும் மக்களின் அறியும் உரிமையும்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசு ஆண்டுதோறும் செலவிடும் தொகை மக்களின் வரிப்பணமாகும். அத்தொகை எந்தப் புற்றுநோய்க்கு, எவ்வகை ஆய்வுக்கு, என்ன காரணம் கருதி ஒதுக்கப்படுகிறது என்பதைச் சாதாரணக் குடிமக்கள் அறிந்துகொள்ள இயலுமா? செலவான தொகையை ஓரளவு அறியலாம். அது ஏன் அவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை அறிவதுதான் கடினம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஹைதராபாத் நகரம் நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்ட அறிக்கை ஒன்று 2020 ஆகஸ்டில் வெளியாயிற்று. மார்பகப் புற்றுநோய் வீதம் நாட்டின் பதிவேடுகளுள் ஹைதராபாத் மாவட்டத்திலேயே மிக அதிகம் என்று அது தெரிவித்தது. மக்கள் தொகையின் வயது வேறுபாட்டைச் சீர்செய்து கணக்கிட்டதில், ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 48 பேர் அந்நோய்க்கு உள்ளாவது தெரியவந்தது. சென்னையில் இது 42.2. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் இத்திட்டத்தின் கீழ் 1982 ஜனவரி முதல் நாளிலிருந்தே நோயாளிகளைப் பதிவு செய்யும் பணி நடந்து வந்தது. ஹைதராபாத் பிற்பாடு சேர்ந்தது. 2014 முதல் 2016 வரையிலான அதன் கணக்கே மேற்கூறிய அறிக்கையில் இடம்பெற்றது. எண்ணிப் பார்க்காத நோய்க்கு எவ்வளவு முன்னுரிமை தருவது என்று யாராலும் வாதிட முடியாது. அந்த வகையில் பதிவேட்டு அறிக்கை பெரும் தொண்டு செய்திருக்கிறது. ஆயினும் அந்த 48 என்ற எண், ஆராய்ச்சிப் பணத்தின் போக்கை எவ்வாறு மாற்றியது என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் விடை தேட முடியாது. அது அதன் வேலையும் அன்று.

ஒரே நகரம், பல துறைகள்

விடையை வேறெங்கு தேடுவது? ஹைதராபாத்தின் தார்நாகா பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. குன்னூரிலிருந்து 1958-இல் அங்கு மாற்றப்பட்ட இந்நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. 1977-இல் தொடங்கப்பட்ட செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் கீழ் இயங்குகிறது. டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையம் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு உட்பட்டது. ரெட் ஹில்ஸ் பகுதியில் உள்ள மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் நிலையமோ மாநில அரசைச் சார்ந்தது. புற்றுநோயோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய இவை அனைத்தும் ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் இவற்றின் நிதி வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வருகிறது.

மத்திய அரசின் ஒவ்வொரு துறையும் தன் மானியக் கோரிக்கையைத் தனித்தனியே பாராளுமன்றத்தில் வைக்கிறது. இவை அச்சிடப்பட்டு எல்லார்க்கும் கிடைப்பவை. ஆயின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குரிய தொகை அங்கு மொத்தமாகக் காட்டப்படுகிறது. அதில் காசநோய்க்கு எவ்வளவு, புற்றுநோய்க்கு எவ்வளவு என்பது அந்த வரியிலிருந்து தெரியாது. அணுசக்தித் துறையின் கோரிக்கையில் பம்பாய் டாட்டா நினைவு மையத்துக்கான தொகை உண்டு. அங்கே சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடைபெறுகின்றன. ஆக, நாடு புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவிடும் முழுத் தொகையைக் காண விரும்புபவர் பல புத்தகங்களைப் புரட்டிய பின்னும், ஆண்டறிக்கைகளையும் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

கம்மம் மாவட்டத்தில் நடந்தது

திட்டத்தின் விவரம் அதற்கு உட்படுவோரைச் சென்றடையாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, அன்று ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆந்திரப் பிரதேசமே சான்று தருகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பற்றிய செயல்விளக்கத் திட்டம் ஒன்று 2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. ‘பாத்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகிய மூன்றும் இதில் பங்கேற்றன. பத்திராசலம் உள்ளிட்ட மூன்று மண்டலங்களில், 10 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 14,000 சிறுமியர்க்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிக் குழந்தைகள்.

இதற்கான ஒப்பந்தம் அக்கழகத்துக்கும் ‘பாத்’ நிறுவனத்துக்கும் இடையே 2007 பிப்ரவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. 2010 மார்ச்சில் பெண்கள் நல அமைப்பினர் நேரில் சென்று விசாரித்த பின்னரே செய்தி பரவலாக வெளிவந்தது. அடுத்த மாதமே மத்திய அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து, விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. இடைக்காலத்தில் சில சிறுமியர் இறந்திருந்தனர். அம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றே விசாரணைகள் கூறின. ஆனால் இசைவு பெறப்பட்ட முறை வேறு கதை. 2013 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக் குழு அளித்த 72-ஆவது அறிக்கை, ஆந்திரப் பிரதேசத்தில் பரிசீலிக்கப்பட்ட 9,543 இசைவுப் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்ததை எடுத்துக்காட்டியது. மேலும் 1,948 படிவங்களில் கைநாட்டு மட்டுமே இருந்தது.

தடுப்பூசியின் மீது இதனால் படிந்த ஐயம் விரைவில் நீங்கவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் நோய்களுள் ஒன்று, ஊசியோ பயனுடையது. நோய்த்தடுப்புக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அதைப் பொதுத் திட்டத்தில் சேர்க்கலாம் என 2022-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் உள்நாட்டில் தயாரான ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. 2007-இலேயே ஒப்பந்தத்தையும் திட்டத்தின் நோக்கத்தையும் மக்கள் முன் வைத்திருந்தால், இந்த ஊசிக்கு வீணான பகை சேர்ந்திராது என்று கருத இடமுண்டு.

சட்டம் கூறுவது

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் நாள் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி மனுச் செய்து, 30 நாட்களில் மறுமொழி பெறலாம் என்பதே இச்சட்டத்தைப் பற்றிப் பலரும் அறிந்தது. கேட்கப்படும் விவரம் வேறு அலுவலகத்தைச் சார்ந்ததாயின், மனுவை ஐந்து நாட்களுக்குள் அங்கு அனுப்பிவைப்பது பெற்றவரின் கடமை. பல துறைகளில் சிதறிக் கிடக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி போன்ற பொருளுக்கு இவ்விதி மிக உதவியானது.

ஆனால் யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றைக் கூறும் நான்காம் பிரிவு இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு அமைப்பும் தன் திட்டங்கள், உத்தேசச் செலவுகள், வழங்கிய தொகைகள் ஆகியவற்றை வெளியிட வேண்டும். கொள்கை வகுக்கும்போது பொதுமக்களைக் கலந்தாலோசிக்க ஏற்பாடு இருப்பின் அதையும் தெரிவிக்க வேண்டும். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை உருவாக்கும்போது தொடர்புடைய உண்மைகள் யாவற்றையும் வெளியிட வேண்டும் என்றும் அப்பிரிவு பணிக்கிறது. சட்ட முன்வரைவுகளை 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2014-இல் ஏற்றது. ஆராய்ச்சித் திட்டங்களுக்கு அத்தகைய கொள்கை வகுக்கப்படவில்லை.

விஞ்ஞான ஆய்வில் பொதுமக்கள் தலையிட்டால் வேலை கெடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. நோயாளியின் சொந்த விவரங்களும், முடிவு பெறாத ஆய்வின் குறிப்புகளும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. முன்னுரிமைப் பட்டியலோ அவ்வாறு மறைக்கத்தக்கது அன்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனக்குத் தேவையான நிதியையும் அதற்குரிய காரணங்களையும் விளக்கும் அறிக்கையை ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு நேரடியாக அளிக்கிறது. அதை யாரும் படிக்கலாம். எந்தெந்தப் புற்றுநோய்க்கு எவ்வளவு செலவாயிற்று என்ற பட்டியலையும் அது வெளியிடுகிறது. அதனால் அங்கே ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளைப் பொறுத்தமட்டில் ஒரு நல்ல தொடக்கம் ஏற்பட்டிருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் நிறுவிய பதிவேட்டில், 2009 ஜூன் முதல் எல்லாப் பரிசோதனைகளும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. எந்த மருத்துவமனையில், யாருடைய பணத்தில், எந்நோய்க்கு என்ன மருந்து சோதிக்கப்படுகிறது என்பதை எவரும் பார்க்கலாம். நிதி ஒதுக்கீட்டுக்கும் இதுபோன்ற ஒரு பொதுப் பதிவேடு அமைப்பது அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அதுவரையிலும், மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் பரிசீலிக்கும் பாராளுமன்ற நிலைக் குழுக்கள் இக்கேள்விகளை எழுப்புவதற்குரிய இடமாக உள்ளன. குறிப்பிட்ட பொருள்களை ஆராயும்போது இக்குழுக்கள் பொதுமக்களின் எழுத்துமூலக் கருத்துகளைக் கோரி விளம்பரம் செய்வதும் உண்டு.

மொழி பற்றியும் சட்டம் பேசுகிறது. வெளியிடப்படும் செய்திகள் வட்டார மொழியைக் கருத்திற்கொண்டு பரப்பப்பட வேண்டும் என்கிறது நான்காம் பிரிவு. துறைகளின் ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. ஹைதராபாத்தில் மக்கள் படிப்பது தெலுங்கும் உருதும். பத்திராசலத்துச் சிற்றூர்களில் பல தாய்மார்கள் பேசுவது கோயா மொழி.