மாட்டு டாக்டர் நாய் பார்த்த கதை

பசுவின் கழுத்து நரம்பு கட்டைவிரல் தண்டிக்கு இருக்கும். (ரத்தக்குழாய் என்பதுதான் சரி, ஆனால் டாக்டர்களும் பேச்சில் நரம்பு என்றுதான் சொல்வோம்.) கீழே அழுத்திப் பிடித்தால் தாம்புக்கயிறு மாதிரி எழும்பி நிற்கும். டார்ச் வெளிச்சத்தில்கூட ஊசி ஏற்றிவிடலாம். ஒன்றரை மாத லாப்ரடார் குட்டியின் முன்னங்கால் நரம்பு அந்த ரகமே இல்லை. அதிலும் இரண்டு நாள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வற்றிப்போன குட்டி என்றால், மயிரை மழித்த தோலுக்கு அடியில் ஒரு நீல நிழல் தெரியும். தொட்டால் அதுவும் நழுவும்.

மத்தூரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒரு மழைக்கால ராத்திரி அப்படி ஒரு குட்டியை மூன்று முறை குத்தினேன். மூன்று முறையும் தப்பியது. எனக்கு அரசு சர்வீஸே 24 வருஷம். எதிரே நின்ற டாக்டருக்கு என் மகள் வயசு. படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. "சார், காலை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார். ஊசியைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. நானாக ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பிடித்தேன். நான்காவது குத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. டேப் ஒட்டும்போது, "இந்த சைஸ்ல எனக்கும் பாதி நாள் கிடைக்காது சார்" என்றார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் வேலைக்கு வந்தது 1997-இல். அப்போது மத்தூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். எந்த ஊர் மருந்தகம் என்பது இங்கே வேண்டாம். ஓட்டுக் கட்டடம், வெளியே மாட்டைக் கட்டிப் பிடிக்கும் இரும்புக் கூண்டு, ஒரு கம்பவுண்டர், சினை ஊசி வைத்திருக்கும் நைட்ரஜன் ஜாடி, நான். என் தோல்பையில் கால்சியம் பாட்டில், ஆக்சிடெட்ராசைக்ளின், வயிறு உப்பினால் குத்துகிற குழாய், கன்று இழுக்கும் கயிறு. நாய்க்கென்று பையில் எதுவும் கிடையாது. நாய் வந்தால் காஸ் துணியை வாயில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவேன். அதுதான் கருவி.

நாய் வருவதே அபூர்வம். வீட்டுக்கு வீடு நாய் இருந்தது. வாசலுக்கு வெளியே இருந்தது, மிச்சமான கேழ்வரகுக் களியைத் தின்றது, மணி என்றோ டைகர் என்றோ பெயர் வைத்துக்கொண்டது. யாரையாவது கடித்த பிறகுதான் என் வாசலுக்கு வரும். "பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க, செத்தா சொல்லுங்க" என்பேன். சிகிச்சை கடிபட்டவருக்குத்தான், நாய்க்கு இல்லை.

இதற்காக ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் படிப்பே அப்படித்தான் பிறந்தது. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியபோது முன்னால் நின்றவை குதிரையும், கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்த மாடுகளும். நம் மாவட்டத்தின் கதையும் குதிரையில்தான் ஆரம்பிக்கிறது: ஓசூர் மத்திகிரி பண்ணையை ஆங்கிலேயர்கள் 1824-இல் தொடங்கியது பட்டாளத்துக் குதிரைகளுக்காக. பிறகு அது மாட்டுப் பண்ணையானது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கியபோதும் ஊர் கேட்டது மாட்டு டாக்டரைத்தான். நாங்கள் படித்த காலத்தில் நாய் பாடத்தில் இருந்தது, பரீட்சையிலும் வந்தது. ஆனால் மத்தூர்ப் பக்கம் போஸ்டிங் வாங்கியவன் நாயின் சிறுநீரகத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள் வரவில்லை.

மாங்காய்க் காலத்து மாடு ஒன்றின் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். இந்தப் பக்கம் மாந்தோப்பு அதிகம். வைகாசி, ஆனியில் உதிர்ந்த காயை மாடு அப்படியே விழுங்கி, கொட்டை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டும், வயிறு உப்பும். கையை உள்ளே விட்டு எடுப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. 1999-இல் அப்படி ஒரு கறவை மாடு. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. "மாங்கொட்டைதான் டாக்டரே" என்றார் சொந்தக்காரர். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையில் பல் உரசிய கீறல்தான் மிச்சம். மறுநாள் மாடு குரல் மாறிக் கத்தியது, பின்னங்கால் இழுத்தது, ஐந்தாம் நாள் செத்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் தெருநாய் ஒன்று அதன் மூக்கைக் கடித்திருந்தது அப்புறம்தான் பேச்சில் வந்தது. வெறிநோய் வந்த மாடு பார்வைக்குத் தொண்டை அடைத்த மாடு மாதிரியே நிற்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இருட்டில், கையை உள்ளே விட்டிருக்கும்போது, அந்தப் பக்கம் நினைவுக்கு வராது.

அரசு ஆஸ்பத்திரிகளில் அப்போது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசிதான். தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போடுவார்கள், பதினான்கு ஊசி என்று ஊரே பயப்படும். 2004 கடைசியில்தான் இந்தியா அந்த ஊசியைக் கைவிட்டது. நான் கைக்காசைப் போட்டு வெளியே ஐந்து ஊசி வாங்கிக் கையில் போட்டுக்கொண்டேன். கால்நடை டாக்டர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு வேலையில் இறங்க வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊசி போட்ட ஒரு மாசமும் ராத்திரி தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைக் கவனித்துக்கொண்டே குடிப்பேன். வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து மருந்தகம் பதினைந்து கிலோமீட்டர்; போன் இருந்தது, ஆனால் போன் போட்டு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்கிற பழக்கம் எங்கள் உத்தியோகத்தில் கிடையாது.

மருந்து மாறியது, கருவி மாறியது என்று எல்லோரும் சொல்வார்கள். மாறியதுதான். ஆனால் என் கணக்கில் பெரிய மாற்றம் வேறு. டாக்டருக்குப் பக்கத்தில் இன்னொரு டாக்டர் நிற்கிறார்.

நாய் மேசை மேல் ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது. அதற்குப் பிறகு கிருஷ்ணகிரியில்கூட பக் கேட்டார்கள். மூக்கு சப்பையான அந்த ஜாதி சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. ஓசூரில் சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து ஊர் வளர்ந்தபோதே நாய் வளர்ப்பு அங்கே தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக்கு அது பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளோடு வந்தது. 2021-இல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை ஓடத் தொடங்கியதும் வாடகை வீடுகள் நிறைந்தன. ஊரை விட்டு வந்து, ஷிப்ட் முடிந்து தனி அறைக்குத் திரும்புகிற பிள்ளைகள் பூனை வளர்க்கிறார்கள். மத்தூரில் ஒருவர் பூனைக்குக் காய்ச்சல் பார்க்கச் சொல்லி வருவார் என்று 1997-இல் சொல்லியிருந்தால் எங்கள் கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மணியும் டைகரும் போய் இப்போது டோக்கன் புத்தகத்தில் ரோலக்ஸ், லியோ, கோக்கோ.

அந்த லாப்ரடார் குட்டியும் ரோலக்ஸ்தான். பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி வந்தது. தடுப்பூசி போட்டாச்சு என்று ஒரு அட்டையும் கூட வந்தது. அதில் டாக்டர் கையெழுத்து இல்லை. தாயிடமிருந்து முப்பது நாளில் பிரித்திருப்பார்கள். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைய ஆரம்பிக்கிற, தடுப்பூசி இன்னும் முழுசாகப் பிடிக்காத அந்த இடைவெளியில்தான் பார்வோ நுழையும். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய கிருமி. வைரஸையே தாக்கும் மருந்து எங்கள் கையில் கிடையாது. தண்ணீரும் உப்பும் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குடல் தேறும் வரை உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். மலத்தைக் கரைத்துச் சோதனைக் கார்டில் விட்டால் பத்து நிமிஷத்தில் இரண்டு கோடு விழும். கோவிடுக்குப் பிறகு அந்த இரண்டு கோட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீருடையோடு வந்திருந்த ரோலக்ஸின் சொந்தக்காரர் கார்டைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் 2021-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தக் கிளினிக்கில் சேர்ந்தேன். சீனியர் என்று பெயர்ப்பலகையில் முதலில் போட்டார்கள். உள்ளே நான்தான் ஜூனியர். முதல் மாசத்தில் ஒருவர் உண்ணி பிடித்த கோலி இன நாயைக் கொண்டுவந்தார். ஐவர்மெக்டின் ஊசியை எடுத்தேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆயிரக்கணக்கில் போட்ட ஊசி, கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தப் பெண் டாக்டர் என்னைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம், பின்னாடி வாங்களேன்" என்றார். மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்த்தான் சொன்னார்: கோலி இனத்தில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு, இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும், ஆளையே சாய்த்துவிடும். சொந்தக்காரர் காதில் அது விழவில்லை. நான் திரும்பி வந்து, "இதுக்கு வேற மருந்து இருக்கு" என்று என் வாயாலேயே சொன்னேன்.

பின்னாடி வாங்களேன் என்ற அந்த இரண்டு சொல்தான் இந்தக் கிளினிக்கின் சட்டம். சொந்தக்காரர் முன்னால் யாரும் யாரையும் திருத்துவதில்லை. வாரம் ஒரு நாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஆபரேஷன் டாக்டர் வருகிறார். கர்ப்பப்பையில் சீழ் பிடித்த நாய் என்றால் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி நிற்போம், ஒருவர் மயக்க மருந்தை மட்டும் பார்ப்பார். எக்ஸ்ரேயைப் போனில் நாமக்கல்லுக்கு அனுப்பினால் கூடப் படித்தவர் யாராவது பார்த்துச் சொல்வார். முன்பெல்லாம் "மெட்ராஸுக்குக் கொண்டு போங்க" என்பேன். யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொல்வேன்.

சுலபமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாட்டுக்காரர் என்னிடம் சத்தம் போட்டதே இல்லை. மாடு செத்தால் "விதி டாக்டரே" என்று சொல்லி ஒரு பை மாங்காயும் கொடுத்தனுப்புவார். இப்போது ஜிபே சத்தம் கேட்கும் முன்பே சண்டை கேட்கிறது. "நாய்க்கு இவ்ளோவா?" என்பவரும், யூடியூபைக் காட்டி "இதை ஏன் போடலை?" என்பவரும் ஒரே ஆள்தான். அரசு மருந்தகத்தில் மருந்துக்குக் காசில்லை. இங்கே பாட்டில் ஒவ்வொன்றும் பில்லில் ஏறுகிறது. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ளும் டாக்டரின் நெஞ்சிலும் அது தங்குகிறது.

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 1979 முதல் 2015 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையில் இறக்கும் வாய்ப்பு ஆண் கால்நடை மருத்துவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெண்களுக்கு மூன்றரை மடங்கு. அது அவர்கள் ஊர்க் கணக்கு. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த 1999 நினைவுக்கு வந்தது.

வயசான நாய்க்குக் கடைசி ஊசி போடுகிற நாளில் இங்கே எழுதாத ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டவர் அடுத்த கேஸைப் பார்க்கக் கூடாது. பின்கட்டில் போய் உட்கார வேண்டும். ரிசப்ஷனில் இருக்கிற பையன் டீ கொண்டு போய்க் கொடுப்பான். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆரம்பத்தில் எனக்கு இது செல்லம் கொடுப்பதாகப் பட்டது. எத்தனை மாட்டைப் பார்த்தவன், ஒரு டீக்கா உட்கார வேண்டும் என்று நினைத்தேன். பதினாலு வருஷம் கூட இருந்த நாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பிறகு நானும் போய் உட்கார்ந்தேன்.

ரோலக்ஸ் ஆறு நாள் டிரிப்பில் கிடந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்தது, ஆறாம் நாள் என் பேனாவைக் கடித்தது. அட்டையில் அடுத்த தடுப்பூசித் தேதியை அந்தப் பெண் டாக்டர் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன்.

போன ஆனியில் ஒரு சாயங்காலம் கிளினிக் வாசலில் சின்ன டெம்போ வந்து நின்றது. உள்ளே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு, கழுத்தை நீட்டிக்கொண்டு. கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போட்டிருக்கிறார்கள், வண்டி வேறு ஊரில் இருந்திருக்கிறது. பழைய டாக்டர் இங்கேதான் இருக்கிறார் என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தேன். நாய் டாக்டரம்மா எனக்கு முன்னால் ஓடிவந்தார். மாட்டைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிறவர். கையில் தோள் வரை வரும் கையுறை இரண்டு ஜோடி. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, மாட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணா, இந்த ரெண்டு மூணு மாசத்துல இதை நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றார் அவர். "மாங்கொட்டைதான்."

நாங்கள் இரண்டு பேரும் கையுறையை மாட்டிக்கொண்டோம்.