கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

விடியற்காலை 5 மணி. டிக்கியில் பைகளை ஏற்றியாச்சு. பின் சீட்டில் அம்மா, அப்பா உட்கார்ந்தாச்சு. சாவியைத் திருப்புகிறீர்கள். மீட்டரில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிகிறது. ஆனால், செல்ஃப் மட்டும் எடுக்கவே இல்லை. இன்னொரு தடவை முயற்சி செய்தால், சைரன் அலறித் தெருவையே எழுப்பிவிடுகிறது!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். காரில் கோளாறு எதுவும் இருக்காது. முந்தைய ஓனர் வெளியில் மாட்டிய செக்யூரிட்டி அலாரம், உங்களைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்குது?

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், பானெட்டுக்குள் சைரன், கையில் ரிமோட், கூடவே ஒரு ரிலே. இதுதான் மொத்த செட். சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் அந்த ரிலேவை மாட்டுவார்கள். ரிமோட்டில் லாக் செய்ததும் இணைப்பு துண்டாகிவிடும். சிலர் செல்ஃப் ஒயருக்குப் பதிலாக பெட்ரோல் பம்ப் ஒயரிலோ, இக்னிஷன் ஒயரிலோ மாட்டிவிடுவதும் உண்டு.

சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கலாம்

* சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மங்கி, 'டிக்டிக்டிக்' என்று சத்தம் வருதா? பெரும்பாலும் பேட்டரிதான் வீக்.
* விளக்கு மங்கவே இல்லை, செல்ஃப் சத்தமும் இல்லையா? அலாரம் ரிலே மேல சந்தேகப்படலாம். அதுக்கு முன்னாடி, ஆட்டோமேட்டிக் கார்னா கியர் பார்க்கிங்கில் இருக்கான்னு பாருங்க. மேனுவல்னா கிளட்சை முழுசா மிதிச்சுப் பாருங்க.
* செல்ஃப் சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கலையா? பல பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கமிருந்து 2 நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதுதான் பம்ப். வழக்கமாகக் கேட்கும் அந்தச் சத்தம் இப்போ வரலைன்னா, பம்புக்கு கரன்ட் போகாம இருக்கலாம், இல்லைன்னா பம்பே பழுதாகியிருக்கலாம்.
* மீட்டரில் சாவி அல்லது பூட்டு படம் விடாமல் மின்னுதா? இது கம்பெனியே கொடுத்த இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பை கார் அடையாளம் காணலை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்க.

நின்ன இடத்துல என்ன செய்யலாம்?

முதலில் இறங்கி, கதவை மூடி, ரிமோட்டில் ஒரு தடவை லாக், ஒரு தடவை அன்லாக். ரிமோட்டில் விளக்கு மங்கலா எரிஞ்சா அதன் பேட்டரியை மாற்றுங்க. ரிமோட் வேலை செய்யலைன்னு சாவியால கதவைத் திறந்தாலும், பல அலாரங்கள் அணையாது. கதவு மட்டும்தான் திறக்கும், ரிலே பூட்டியேதான் இருக்கும்.

அடுத்தது வேலட் சுவிட்ச். ரிமோட் கைவிட்டா அலாரத்தை நிறுத்துவதற்கென்றே இருக்கும் சின்ன பட்டன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. பல மாடல்களில் சாவியை ஆன் செய்து, சில நொடிகளுக்குள் அதை அழுத்தினால் அலாரம் அடங்கிவிடும். எத்தனை தடவை அழுத்தணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினா சரியாகிடும்னு நம்பாதீங்க. பல அலாரங்கள் லாக் ஆன நிலையை அப்படியே ஞாபகம் வெச்சிருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒயரை இழுக்கவும் வேண்டாம். மஞ்சள் நிற கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை.

பேட்டரியையும் இது குடிக்கும்

நிற்கும் காரிலும் அலாரம் விழிச்சுக்கிட்டேதான் இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 10 நாளில் 12. சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இது மூணில் ஒரு பங்கு! வெளியூர் போய்ட்டு வந்து வண்டியை எடுத்தா ஏன் மக்கர் பண்ணுதுன்னு இப்போ புரியுதா?

முக்கியமான விஷயம் இதுதான்

ரிலே எந்த ஒயரில் இருக்கு என்பது வெறும் ஸ்டார்ட்டிங் பிரச்னை இல்லை. செல்ஃப் ஒயரில் இருந்தால், ரிலே பழுதானாலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நிற்காது. பம்ப் ஒயரில் இருந்து, டேப் சுற்றிய ஜாயின்ட் லூஸானால், பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் அணைந்துவிடலாம். ஸ்டீயரிங் கனமாகிவிடும். நாலைந்து மிதிக்குள் பிரேக்கும் கல் மாதிரி இறுகிவிடும்.

அதனால ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காரைக் காட்டி, ரிலே எங்கே இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க. பம்ப் ஒயரில் இருந்தா, செல்ஃப் ஒயருக்கு மாத்தச் சொல்லுங்க. அலாரமே வேண்டாம்னா, வெட்டின ஒயரை சால்டர் வெச்சு சரியா சேர்க்கச் சொல்லுங்க. புதுசா மாட்டுறவங்க, ஒயரை வெட்டாம கப்ளரில் சேரும் செட்டா பார்த்து வாங்குங்க.

பழைய கார் வாங்கும்போது ஆர்.சி., இன்ஷூரன்ஸோடு இன்னும் மூணு கேளுங்க: ரெண்டாவது ரிமோட், அலாரத்தோட மேனுவல், வேலட் சுவிட்ச் இருக்கும் இடம். ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? பழைய ஓனருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. விடியற்காலை 5 மணிக்குக் கூப்பிட்டா, அவர் எடுக்க மாட்டார்!