படை எடுக்காமல் கிடைத்த புதுச்சேரி

உழவர்கரைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் கோரிமேடுதான் தேசத்தின் எல்லை.

கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் பிரஞ்சு ராஜ்யம். அந்தப் பக்கம் இந்தியா. இந்தப் பக்கம் இருந்தவர்களும் தமிழர்கள். அந்தப் பக்கம் இருந்தவர்களும் தமிழர்கள். பெண் கொடுத்ததும் பெண் எடுத்ததும் இரண்டு பக்கத்திலும்தான். ஆனால், அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் சுங்கக் காவலைத் தாண்டித்தான் போக வேண்டும். மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

இன்றைக்கு அதே கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வருகின்றன, போகின்றன. யாரும் யாரையும் நிறுத்தி, "நீ எந்த தேசம்?" என்று கேட்பதில்லை.

இந்த மாறுதல் எப்படி வந்தது? சண்டை போட்டு வந்ததா? இல்லை. இந்திய ராணுவம் புதுச்சேரிக்குள் நுழையவில்லை. பேச்சு, தேர்தல், பொறுமை, நெருக்கடி எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாறுதல் அது. அதற்கு 15 ஆண்டுகள் பிடித்தன.

துண்டு துண்டாக ஒரு ராஜ்யம்

1947 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியா விடுதலை அடைந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். ஆனால் பிரஞ்சுக்காரர்கள் ஏறவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், வங்காளத்தில் உள்ள சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்கள் அவர்கள் கையில் இருந்தன. இவற்றின் மொத்த ஜனத்தொகை மூன்று லட்சத்தைச் சற்றுத் தாண்டும்.

புதுச்சேரிப் பகுதி மட்டும் எட்டு 'கொம்யூன்'களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கொம்யூன் என்றால் நகரசபை போன்ற ஒரு வட்டாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. அந்த எட்டில் ஒன்றுதான் உழவர்கரை. பிரஞ்சுக்காரர்கள் அதை 'உல்கரே' என்று எழுதினார்கள்.

இந்த எட்டு கொம்யூன்களும் ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. கிழிந்த துணியின் துண்டுகளைப் போலச் சிதறிக் கிடந்தன. நடுநடுவே இந்திய கிராமங்கள் இருந்தன. பிரஞ்சு கிராமம் ஒன்றிலிருந்து இன்னொரு பிரஞ்சு கிராமத்துக்குப் போக இந்திய மண்ணை மிதிக்க வேண்டும். இந்த அமைப்பே பிற்பாடு பிரஞ்சு சர்க்காருக்குப் பெரிய தலைவலி ஆயிற்று.

ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம்

பிரஞ்சு தேசத்தில் 1946-ல் ஒரு புதிய அரசியல் சட்டம் வந்தது. மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் வேறு தேசத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதன் 27-வது பிரிவு சொல்லியது. ஆகவே, "மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்" என்றது பிரஞ்சு சர்க்கார்.

இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேருவும் இதற்குச் சம்மதித்தார். 1948 ஜூன் மாதம் உடன்பாடு ஏற்பட்டது. பொதுஜன வாக்கெடுப்பு நடத்துவது. அதை எப்போது, எப்படி நடத்துவது என்பதை நகரசபைகள் தீர்மானிப்பது என்று பேசி முடித்தார்கள்.

முதலில் தீர்ப்புச் சொன்னது சந்திரநாகூர். 1949 ஜூன் 19-ந் தேதி அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் சேர வேண்டும் என்று 7,400-க்கும் அதிகமானவர்கள் ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 114 பேர்தான். மறு ஆண்டே, 1950 மே 2-ந் தேதி, அந்த ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

"இதே போலப் புதுச்சேரியிலும் நடந்துவிடும்" என்று பலர் எண்ணினார்கள். நடக்கவில்லை.

ஓட்டும் தடியும்

காரணம் என்ன? வாக்கெடுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் நகரசபைக்கு என்றதும், நகரசபையைப் பிடிக்கப் போட்டி மூண்டது. 1948 அக்டோபரில் தேர்தல் நடந்தது. எதுவார் குபேர் தலைமையில் இருந்த பிரஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி பெருவாரியான இடங்களைப் பிடித்தது. அந்தக் கட்சி அப்போது பிரஞ்சு சர்க்காரின் பக்கம் இருந்தது.

ஓட்டர் பட்டியலில் கோளாறு என்று புகார் எழுந்தது. தடியர்களின் அட்டகாசம் பெருகிற்று. இந்தியாவுடன் சேர வேண்டும் என்று பேசியவர்கள் தாக்கப்பட்டார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950-ல் கொளுத்தப்பட்டது.

இணைப்பு வேண்டும் என்று சொன்ன பலர் எல்லையைத் தாண்டி இந்தியப் பகுதியில் தஞ்சம் புகுந்தார்கள். அகதி என்றால் கப்பல் ஏறி, கடல் கடந்து வருகிறவர் என்றுதான் நினைக்கிறோம். இவர்களோ சில மைல் தூரம் வந்தவர்கள்! சொந்த வீட்டுத் தென்னை மரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தவர்களும் வீட்டுக்குப் போக முடியவில்லை.

உலக நீதிமன்றத்தின் மூலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951-ல் வந்து பார்த்தார்கள். ஓட்டர் பட்டியல்களை நம்ப முடியாது, பயமின்றி ஓட்டுப் போடும் நிலை இல்லை என்ற கருத்தை அவர்களின் அறிக்கை தந்தது.

நியாயமான தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டி மட்டும் போதுமா? பெட்டிக்குப் போகும் பாதையில் தடியுடன் ஒருவன் நின்றால், அது தேர்தல் ஆகுமா?

1952-ல் இந்திய சர்க்கார் தன் நிலையை மாற்றிக்கொண்டது. "இனி வாக்கெடுப்பு வேண்டாம். நேராகப் பேசி ஒப்படையுங்கள்" என்றது.

நேருவின் பொறுமை

"பட்டாளத்தை அனுப்பினால் ஒரே நாளில் முடிந்துவிடுமே!" என்று கேட்டவர்கள் உண்டு. நேரு இணங்கவில்லை. உலகச் சண்டைகளைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் தேசம், தன் வீட்டு வாசலில் துப்பாக்கியைத் தூக்கலாமா என்பது அவர் நிலை.

ஆனால் இந்தியா சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. பழைய சுங்க ஒப்பந்தத்தை 1949-லேயே முடித்துவிட்டது. எல்லையில் சுங்கக் காவல் இறுகியது. 1954-ல் போக்குவரத்துக்கும் சரக்குக்கும் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமை ஆயின.

இதன் பாரம் யார் தலையில் விழுந்தது? கவர்னரின் தலையில் அல்ல. கூடையில் காய்கறி சுமந்து சந்தைக்குப் போன பெண்ணின் தலையில் விழுந்தது. எல்லைக்கு அப்பால் நிலம் வைத்திருந்த குடியானவரின் தலையில் விழுந்தது. சண்டை இல்லாத வழி என்றாலும், கஷ்டம் இல்லாத வழி அல்ல அது.

மேயர்கள் திரும்பினார்கள்

1954 மார்ச்சு 18-ந் தேதி யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதுச்சேரியின் எட்டு கொம்யூன்களின் மேயர்களும் ஒன்று சேர்ந்தார்கள். உழவர்கரையும் அதில் உண்டு. "வாக்கெடுப்பு வேண்டாம். உடனே இந்தியாவுடன் சேர வேண்டும்" என்று தீர்மானம் போட்டார்கள். சில நாட்களில் காரைக்காலும் இதே வழியில் வந்தது.

நேற்று வரை பிரஞ்சுப் பக்கம் இருந்த குபேரும் கட்சி மாறி இணைப்பின் பக்கம் வந்தார். மார்ச்சு மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிற்று. அங்கே ஒரு தற்காலிக சர்க்காரும் அமைந்தது. நெட்டப்பாக்கத்தைச் சுற்றி இந்திய மண். அதைக் கடக்காமல் பிரஞ்சுப் போலீசு அங்கே போவது எப்படி? கிழிந்த துணி இப்போது இந்தியாவுக்கு உதவியது!

ஜூன் மாதம் ஏனாமும், ஜூலையில் மாகியும் பிரஞ்சுக்காரர்களின் கையை விட்டுப் போயின.

எங்கோ நடந்த சண்டை

உழவர்கரையின் தலைவிதி உழவர்கரையில் மட்டும் எழுதப்படவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், வியட்நாமின் மலைகளுக்கு நடுவிலும் எழுதப்பட்டது.

அங்கே தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரஞ்சுப் படை முற்றுகையில் சிக்கியது. 1954 மே 7-ந் தேதி அது வீழ்ந்தது. பிரஞ்சு தேசமே அதிர்ந்தது. ஜூன் மாதம் மாந்தேஸ் பிரான்சு பிரதமர் ஆனார். "ஒரு மாதத்துக்குள் சமாதானம் செய்வேன். இல்லாவிட்டால் ராஜினாமா" என்று வாக்குக் கொடுத்தார். ஜூலையில் ஜினீவாவில் உடன்படிக்கை ஆயிற்று.

சண்டையில் களைத்த தேசம், இந்தியாவோடு இன்னொரு தகராறை விரும்பவில்லை. புதுச்சேரிப் பேச்சு வேகமாக நகர்ந்தது.

கீழூரில் 178 பேர்

பிரஞ்சு அரசியல் சட்டம் இன்னும் குறுக்கே நின்றது. மக்கள் சம்மதம் வேண்டுமே! அதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த சட்டசபை, நகரசபை அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டால் போதும் என்று இரு சர்க்கார்களும் ஒப்புக்கொண்டன.

1954 அக்டோபர் 18. வில்லியனூரை அடுத்த கீழூர் என்ற சிறு கிராமம். அங்கே 178 அங்கத்தினர்கள் கூடினார்கள். ஓட்டு எண்ணப்பட்டது. இணைப்புக்கு 170. எதிராக 8.

மூன்றாம் நாள் டெல்லியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-ந் தேதி பிரஞ்சுக் கொடி இறங்கி, இந்தியக் கொடி ஏறியது. இந்தியாவின் சார்பில் கேவல் சிங் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

அன்றும் இன்றும் ஒரு கேள்வி உண்டு. மூன்று லட்சம் மக்களுக்காக 178 பேர் மட்டும் ஓட்டுப் போட்டது சரியா? கலகம் இல்லாமல் காரியம் முடிந்தது என்கிறார்கள் ஒரு சாரார். சாதாரணக் குடிமகனின் கையில் ஓட்டுச் சீட்டு வரவே இல்லையே என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

எட்டு ஆண்டு காத்திருப்பு

கொடி மாறியதே தவிர, சட்டப்படி புதுச்சேரி இன்னும் பிரஞ்சு மண்தான். 1956 மே 28-ந் தேதி ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் பிரஞ்சுப் பார்லிமெண்டு அதை ஏற்க வேண்டும். அப்போது அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. "புதுச்சேரியைக் கொடுத்தால் அல்ஜீரியாவையும் கேட்பார்கள்" என்ற அச்சம் பாரிசில் இருந்தது.

போர்த்துக்கீசியர்களோ கோவாவைப் பற்றிப் பேசவே மறுத்தார்கள். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தது. பேசத் தயாராக இருந்தவரிடம் பேச்சு. பேச மறுத்தவரிடம் படை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

அல்ஜீரியச் சண்டை 1962-ல் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிரஞ்சுப் பார்லிமெண்டு சம்மதித்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியா ஆயிற்று.

ஆறு மாதக் கெடு

அதன் பிறகுதான் கேள்வி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தது.

புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரஞ்சுப் பிரஜைகள் இனி இந்தியர்கள் ஆவார்கள். பிரஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். சைகோன் போன்ற வெளி தேசங்களில் வாழ்ந்தவர்களுக்கு நேர் எதிரான விதி. அவர்கள் பிரஞ்சுப் பிரஜைகளாகவே இருப்பார்கள்.

ஆகவே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் சைகோனில் இருந்த அண்ணன் பிரஞ்சுக்காரர். ரெட்டியார்பாளையத்தில் இருந்த தம்பி இந்தியர் என்று ஆகக்கூடிய நிலை வந்தது.

பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தாவின் வீட்டில் பேச்சு எப்படி இருந்திருக்கும்? எண்ணிப் பார்க்கலாம்.

"அப்பா, நாம எந்தப் பக்கம்?"

"என் பென்ஷன் அங்கேயிருந்து வருது. உன் தாத்தா எலும்பு இங்கே கிடக்குது. நான் என்னடா சொல்ல?"

ஏறக்குறைய 5,000 பேர் பிரஞ்சுப் பிரஜைகளாக இருக்க எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இந்தியர் ஆனார்கள். பெருமையுடன் ஆனவர்கள் உண்டு. கெடு இருப்பதே தெரியாமல், கெடு தாண்டிய பிறகு தெரிந்துகொண்டவர்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆறு மாதம் என்பது கண் மூடித் திறக்கும் நேரம்.

அன்று போட்ட ஒரு கையெழுத்து, பேரன் பேத்திகளின் படிப்பையும் பிழைப்பையும் தீர்மானித்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் பாரிசுக்குப் போனார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள்.

நினைவில் நிற்பது

கீழூரில் இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ந் தேதி அங்கே கொடி ஏற்றுகிறார்கள். பிரஞ்சு ஜனாதிபதித் தேர்தல் வந்தால், புதுச்சேரியில் வாழும் பிரஞ்சுப் பிரஜைகள் இங்கிருந்தபடியே ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் தமிழில்தான் பேசுகிறார்.

வெளிநாட்டுக் கொள்கை என்றதும், டெல்லியிலும் பாரிசிலும் பெரிய மனிதர்கள் பேசும் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உழவர்கரைக்காரர்கள் அப்படி ஒதுக்க முடியாது. அங்கே பேசிய பேச்சுத்தான் கோரிமேட்டில் வேலி ஆயிற்று. அங்கே போட்ட கையெழுத்துத்தான் வேலியை எடுத்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம் என்று ஆக்கியதும் அதுதான்.

அடுத்த முறை உலகில் எங்காவது சண்டை, தேர்தல், அகதிகள் என்று பத்திரிகையில் படித்தால், கோரிமேட்டில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிய அந்த அத்தை வீட்டு விருந்தாளியை நினைத்துக் கொள்ளுங்கள்.