அறை காய்ந்த பிறகே கம்ப்யூட்டர்!

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர் பகுதிகள் வெள்ளக்காடாயின. கொரட்டூரில் எங்கள் வீட்டிற்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர். சி.பி.யு.வை முன்பே மேஜை மேல் தூக்கி வைத்துவிட்டோம். தரையில் விரித்திருந்த கார்ப்பெட் மட்டும் ஊறிப்போனது. கரண்ட் வந்ததும், "கம்ப்யூட்டர்தான் நனையவில்லையே, போட்டுப் பார்ப்போம்" என்றார் அப்பா. நான் தடுத்துவிட்டேன். ஏன் தெரியுமா?

ஊறிய கார்ப்பெட் பல நாட்களுக்கு ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். கேபினட்டில் உள்ள ஃபேன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. மதர்போர்டில் படிந்த தூசியும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் தவறான வழியில் பாயும். இணைப்புப் பின்கள் அரித்துப்போகும். எனவே முதலில் அறையைக் காய வையுங்கள்.

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றபடி எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன் வயரிங்கைப் பார்த்த பிறகே மின்சாரம்.

2. கார்ப்பெட்டை உடனே வெளியே எடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்திற்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சாக்கடை கலந்த தண்ணீரில் நனைந்திருந்தால் எறிந்துவிடுவதே நல்லது.

3. வெயில் அடித்தால் ஜன்னல்களைத் திறந்து ஃபேன் போடுங்கள். மழை தொடர்ந்தால் ஜன்னல்களை மூடி, ஏ.சி.யை 'டிரை' மோடில் ஓட விடுங்கள். மூடிய அறையில் ஃபேன் மட்டும் ஓடினால் ஈரம் உள்ளேயேதான் சுற்றும்.

4. ஒரு பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் அதன் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் தரை இன்னும் காயவில்லை.

சி.பி.யு.வே நனைந்துவிட்டதா? ஆன் செய்யவே செய்யாதீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் போயிருக்கலாம். ஹேர் டிரையரால் சூடு காட்டாமல், அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுங்கள். மதர்போர்டைக் கடையில் வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவை வாங்க முடியாது.

எங்கள் அறை காய ஐந்து நாட்கள் ஆயின. ஆறாம் நாள் கம்ப்யூட்டர் நல்லபடியாக ஆன் ஆனது. அப்பா செய்த முதல் வேலை, எல்லா ஃபைல்களையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துப் பரண்மேல் வைத்ததுதான். நீங்கள் அடுத்த மழைக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.